பள்ளிக்கூடம் போகாமல் படிக்க முடியுமா? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகாமல் வளர்ந்தவர்கள். மகள் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள், மகனைச் சிறு வயதில் நாங்கள் சேர்க்கவே இல்லை. திருநகரில் எங்கள் தெருவில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகிற பஸ்ஸில் என்று எங்கே போனாலும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அக்கறை, சிலருக்குக் கோபம், ஒன்றிரண்டு பேருக்குத் தன் பிள்ளையையும் நிறுத்திவிடலாமா என்ற யோசனை. மூன்று தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலைன்னா வீட்ல வச்சு என்னதான் செய்யுறீக?"

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வீட்டிலேயே படிக்க வைப்பவர்களில் பலர் பள்ளிக்கூடத்தின் டைம் டேபிளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, டீச்சர் இடத்தில் அம்மாவை நிறுத்திப் பாடம் நடத்துவார்கள். எங்கள் வழி வேறு. எதைப் படிப்பது, எப்போது, எவ்வளவு நேரம், எந்த இடத்தில் போதும் என்று விடுவது, எல்லாமே பிள்ளையின் முடிவு. கேட்டால் உதவுவோம். கேட்காதபோது நல்ல புத்தகமும் நல்ல மனிதர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம். தன்வழிக் கற்றல் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டால் ஒரே மாதிரி சொல்ல முடியாது. மகள் ஒரு சமயம் துணியும் சாயமுமாகவே கிடந்தாள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிற ஒரு பாட்டியிடம் போய் உட்கார்ந்து, நகத்தால் துணியைக் கிள்ளி நூல் சுற்றக் கற்றாள். அங்கிருந்து சாயம் ஏன் சில துணியில் பிடிக்கிறது, சிலதில் ஏன் ஓடுகிறது என்று வேதியியல் பக்கம் போனாள். பாட்டி வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழி காதில் விழ, இவர்கள் எங்கிருந்து எப்போது மதுரைக்கு வந்தார்கள் என்று நாயக்கர் காலத்துக்குப் போனாள். பையனுக்குக் கிரிக்கெட். தசமப் புள்ளியும் சராசரியும் அவனுக்கு ரன் ரேட்டில்தான் பிடிபட்டன.

"எழுத்துக்கூட்டிப் படிக்கவாவது யாராச்சும் சொல்லித்தரணும்ல?"

சொல்லித்தரத்தான் செய்தோம், அவர்கள் கேட்டபோது. பஸ் போர்டு, கடைப் பெயர், சினிமா போஸ்டர், பாட்டி வாசிக்கிற பேப்பர் என்று மதுரை முழுக்க எழுத்துதான். 'இது என்ன எழுத்து' என்று கேட்காத பிள்ளை இல்லை. சில பிள்ளைகள் நாலரை வயதில் கேட்கும், சிலது எட்டு, ஒன்பது வயதில்தான் கேட்கும். எங்கள் பையன் இரண்டாவது வகை. எட்டு வயது தாண்டித்தான் சரளமாக வாசித்தான், அதுவரைக்கும் சொந்தக்காரர்கள் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. இப்போது அவன் வாசிப்பதைப் பார்த்து எப்போது ஆரம்பித்தான் என்று யாராலும் சொல்ல முடியாது.

வகுப்பறையில் இந்த வித்தியாசத்துக்கு இடமில்லை. ஆறு வயதில் படிக்க வராத பிள்ளைக்கு மக்கு என்ற பெயர் அன்றைக்கே விழுந்துவிடும், பிறகு அந்தப் பெயரோடுதான் அது படிக்க வேண்டும். அதே சமயம், ஒன்பது பத்து வயதிலும் எழுத்தே பிடிபடவில்லை, திணறுகிறது என்றால் கண்ணையும் காதையும் சோதித்துப் பாருங்கள், எழுத்து மயங்குகிற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். தானாக வரும் என்று சும்மா இருப்பது தன்வழிக் கற்றல் ஆகாது.

"போலீஸ் வராதா? கட்டாயக் கல்விச் சட்டம்னு இருக்குல்ல?"

இருக்கிறது. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. அதன் 10-வது பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு ஜெயில், அபராதம் என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. ஆகவே 'சட்டப் பிரச்சினையே கிடையாது' என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள், 'பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்' என்று பயமுறுத்தினாலும் நம்பாதீர்கள்.

பலர் கவனிக்காத இடம் 8-வது பிரிவு. கட்டாயக் கல்வி என்றால் என்ன என்று அங்கே விளக்கும்போது, அதை அரசின் கடமையாகத்தான் சட்டம் சொல்கிறது: இலவசமாகக் கல்வி தர வேண்டும், பிள்ளை சேர்வதையும் வருவதையும் முடிப்பதையும் உறுதி செய்ய வேண்டும். இதில் முதல் பாதிக்கு நான் இரு கையும் உயர்த்தி ஓட்டுப் போடுவேன். அரசைக் கட்டிப்போடுங்கள், பிள்ளையை வேலைக்கு வைக்கிற முதலாளியைக் கட்டிப்போடுங்கள். பிள்ளையின் மனசைக் கட்டிப்போடாதீர்கள் என்பது மட்டும்தான் என் கட்சி. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள். வந்தால் ஒளிக்காமல் உட்கார வைத்துப் பேசுங்கள், பிள்ளையையும் பேச விடுங்கள். அவர்கள் தேடுவது செங்கல் சூளையிலும் ஓட்டலிலும் இருக்கிற பிள்ளைகளை, அந்தத் தேடல் நடந்தே ஆக வேண்டும்.

"பள்ளிக்கூடம் என்ன நேத்தா வந்துச்சு? நம்ம தாத்தா காலத்துலயும் இருந்துச்சே?"

பள்ளிக்கூடம் பழசுதான், கட்டாயம் புதுசு. பிரஷ்யாவில் 1763-ல் அரசர் இரண்டாம் பிரெடரிக் சட்டம் போட்டார், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 1852-ல், இங்கிலாந்து 1880-ல். இந்தியாவில் பரோடா சமஸ்தானம் 1906-ல் தன் பகுதி முழுக்கக் கட்டாயமாக்கியது. 1911-ல் காங்கிரஸ் தலைவர் கோகலே கொண்டுவந்த மசோதா தோற்றது, நம் சென்னை மாகாணத்தில் 1920-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது.

அதற்கு முன்னால் திண்ணைப் பள்ளிகள். கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் எடுக்கச் சொன்ன கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. இதைச் சொல்லி அந்தக் காலமே பொற்காலம் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தத் திண்ணைகளில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமே கிடையாது. பழைய காலத்துக்குத் திரும்புவது என் ஆசை இல்லை.

"அப்படி என்னத்தான் குத்தம் கண்டீக பள்ளிக்கூடத்துல?"

ஆசிரியர்களைச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். அந்த அமைப்பு பிள்ளைக்குள் என்ன செய்கிறது என்பதுதான் என் குறை. ஒரு நாளைக்கு எட்டு பீரியட், ஒவ்வொன்றும் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். கணக்கில் அப்போதுதான் ஒன்று பிடிபட ஆரம்பிக்கும், மணி அடித்துவிடும், மூடி வைத்துவிட்டு வரலாற்றை எடுக்க வேண்டும். எதிலும் ஆழமாக இறங்காதே, இறங்கினால் பாதியில் இழுத்து வெளியே போடுவோம் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அதை நன்றாகவே கற்றுக்கொள்ளும். ஒண்ணுக்குப் போகக்கூடக் கையைத் தூக்கி அனுமதி வாங்க வேண்டும். தன் உடம்பைப் பற்றித் தானே முடிவெடுக்க முடியாத இடத்தில் எந்த அறிவைப் பற்றி யார் முடிவெடுப்பது?

அப்புறம் மதிப்பெண். பத்தாம் வகுப்பு என்றால் விடிகாலை டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் மறுபடி டியூஷன், கையில் 'முக்கிய வினாக்கள்' தாள். கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும், கேள்வி எதற்கு என்று தெரிய வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. இருந்தும் என் மகள் மூன்றாம் வகுப்பில் கணக்குத் தப்பானதற்காக வகுப்பு முன்னால் முட்டி போட்டு நின்றாள். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம், ஒரே ஒரு பள்ளியின் கதையாக இது இருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டாலும் படிப்பாவது வருகிறதா என்றால், பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கிற அசர் ஆய்வில், 2022-ல் இந்தியக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 42.8 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. கொரோனா மூடலுக்குப் பிந்தைய கணக்கு அது. 2018-லேயே அது 50.5 சதவீதம்தான். ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிட்ட பிள்ளைகள் இவர்கள். வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் படிப்பு வந்துவிடாது.

"கட்டாயம்னு ஒண்ணு இல்லைன்னா எந்தப் பிள்ளைதான் படிக்கும்? நாமளே அடிச்சதாலதான படிச்சோம்?"

நடக்கவும் பேசவும் யாரும் அடித்துச் சொல்லித்தரவில்லை. நாலைந்து வயதுக்குள் ஒரு மொழியின் இலக்கணத்தில் பெரும்பகுதி பிள்ளைக்குள் இறங்கிவிடுகிறது, பாடத்திட்டம் இல்லை, பரீட்சை இல்லை. அந்த ஆர்வம் ஆறு வயதில் திடீரென்று தீர்ந்துபோவதில்லை. பசியில்லாத பிள்ளையைப் பிடித்து வைத்து வாயில் சோறு திணித்தால் கொஞ்ச நாளில் சாப்பாட்டைக் கண்டாலே ஓடும், பாடமும் அப்படித்தான்.

ஒரு எச்சரிக்கை. சில வருடம் பள்ளிக்குப் போய் நின்ற பிள்ளை உடனே புத்தகத்தை எடுக்காது. எடுக்கச் சொன்னால் இன்னும் தள்ளிப் போகும். என் மகள் மாதக்கணக்கில் தூங்கினாள், மாடியில் உட்கார்ந்து புறாவைப் பார்த்தாள், சலிப்பாக இருக்கிறது என்று அழுதாள். அந்தச் சலிப்பின் முடிவில்தான் தானாக ஒன்றைத் தேடி எழுந்தாள். பயந்துபோன பெற்றோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மறுபடியும் டைம் டேபிள் போட ஆரம்பிப்பார்கள். போடாதீர்கள்.

"செல்போனைத்தான் நோண்டிக்கிட்டு கெடப்பாங்க."

எங்கள் வீட்டில் இதற்குப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கும், தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். விடிந்ததில் இருந்து போனைப் பார்க்க விடுவதைச் சுதந்திரம் என்று நான் நினைக்கவில்லை, அந்த ஆப்புகள் ஆளை இழுத்துப் பிடித்து வைக்கத்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ராத்திரி போன் எங்கள் அறையில், பெரியவர்கள் போனும் சேர்த்து. பள்ளிக்குப் போகிற பிள்ளைகளின் வீட்டிலும் இதே சண்டை நடக்கிறது என்பதால் இதைப் பள்ளிக்கூடத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

"மதினி, நாலு பேரோட பழகத் தெரியாமப் போயிருமே?"

நாற்பது பேர், எல்லாரும் ஒரே வயது, பேசினால் போர்டில் பெயர் எழுதுவார்கள். இதில் எங்கே பழகுவது? வாழ்க்கையில் வேறு எந்த இடத்திலும் நாம் நம் வயசுக்காரர்களோடு மட்டும் அடைந்து கிடப்பதில்லை. பாட்டியிடம் சுங்குடி கற்றதைச் சொன்னேன். விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிற வீடுகளில், எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பெரிய பையன்களோடு, கோயில் வாசலில் பூ கட்டுகிற அம்மாவோடு என்று இவர்களுக்குப் பழக்கம் விரிந்துதான் இருக்கிறது.

ஆனால் பழகுவது தானாக நடந்துவிடும் என்று விட்டுவிட முடியாது. பகலில் தெருப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் இருப்பார்கள், தனிமை உண்மையிலேயே வரும், அதுவும் பதின்மூன்று, பதினான்கு வயதில். இதே வழியில் போகிற வேறு குடும்பங்களைத் தேடிப் பிடியுங்கள், விளையாட்டுக் குழுவில் சேர்த்து விடுங்கள். இன்னொன்று, வேறு சாதிப் பிள்ளையோடு தோளில் கை போட்டு உட்கார்கிற வாய்ப்பை அரசுப் பள்ளி கொடுக்கிறது. நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் வைத்துப் படிக்க வைப்பவர்கள் சொந்த சாதி வட்டத்துக்குள்ளேயே சுருங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இதை நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

"நானே எட்டாவதுதான். கணக்கும் சயின்சும் நான் எப்படிச் சொல்லித்தர?"

நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. 'எனக்குத் தெரியாது, வா தெரிந்தவரைத் தேடுவோம்' என்று சொல்லத் தெரிந்தால் போதும், எம்.எஸ்சி. படித்த அம்மாக்களுக்கு அதுதான் வராது.

மதுரைக்காரர்களுக்கு இதில் கொடுப்பினை அதிகம். புதுநத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே பகுதி இருக்கிறது, உள்ளே போய் நாள் முழுக்க இருக்கலாம். காந்தி மியூசியம் இருக்கிற கட்டடமே ராணி மங்கம்மாள் அரண்மனை, ஆக ஒரே இடத்தில் இரண்டு காலம். கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறினால் பாறையில் தீர்த்தங்கரர்கள். மாங்குளம் மலையில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த கல்வெட்டு, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில். பக்கத்து மாவட்டம்தான் என்றாலும் கீழடி நமக்குக் கூப்பிடு தூரம், 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் கீறல் எழுத்துப் பானை ஓடுகளைப் பார்த்துவிட்டு வந்துதான் என் மகள் தமிழி எழுத்தைத் தானே எழுதிப் பழகினாள். அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், பறவை பார்க்கிற பிள்ளைக்கு அந்த ஏழு குன்றுகள் ஒரு வருடத்துக்குக் காணும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"சரி, சர்டிபிகேட்? பத்தாவது இல்லாம நாளைக்கு என்ன செய்வாங்க?"

இரண்டு வழி. ஒன்று, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, சுருக்கமாக என்.ஐ.ஓ.எஸ். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், முன்பு பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்து பாடம் தேற வேண்டும், ஒரு மொழி அதில் இருக்க வேண்டும். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு இது பொருந்தும்.

இரண்டாவது, நம் மாநிலத் தேர்வுத் துறையில் தனித்தேர்வர். 12½ வயது நிறைந்தவர்கள் நேரடியாக எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். அதில் தேறி 14½ வயதானால் பத்தாம் வகுப்பு. அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், தேதியை விட்டால் அந்த வருடம் போச்சு. பேப்பரில் தேர்வுத் துறை அறிவிப்பு வரும்போதே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

"டாக்டர், கவர்மெண்ட் வேலை இதெல்லாம் அடைபட்டுப் போகுமா அக்கா?"

அடைபடாது, சில கதவு குறுகும். இதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் விலை கொடுக்கப்போவது பிள்ளை. நீட் எழுதத் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்கு இருந்த தடையை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆனால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பில் இருந்துதான் கணக்குப் பார்க்கின்றன. மாநில அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்குப் பள்ளிக் காலத்துக்கே சான்று கேட்பார்கள், அதை வீட்டில் இருந்து வாங்க முடியாது.

ஆக, அரசுப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஆறாம் வகுப்பு வயது ஒரு முக்கியமான திருப்பம். பத்து வயதில் பிள்ளையோடு உட்கார்ந்து இந்தக் கணக்கையெல்லாம் அதற்கும் புரியும்படி பேசுங்கள். சாதிச் சான்றிதழ், இடஒதுக்கீடு இவற்றுக்குப் பள்ளி போகாததால் பாதகமில்லை.

"வெளிநாட்டுல யாரும் இப்படிச் செஞ்சு பாத்திருக்காங்களா?"

ஏ.எஸ்.நீல் 1921-ல் ஜெர்மனியில் தொடங்கிப் பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன சம்மர்ஹில் பள்ளி இன்றும் நடக்கிறது, அங்கே பிள்ளை விரும்பினால்தான் வகுப்புக்குப் போகும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1968-ல் தொடங்கிய சட்பரி வேலி பள்ளியில் பாடத்திட்டமே கிடையாது, பள்ளி விதிகளில் ஆசிரியருக்கு ஒரு ஓட்டு என்றால் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு. பள்ளிச் சீர்திருத்தம் பேசிப் பேசி அலுத்த ஆசிரியர் ஜான் ஹோல்ட் 1977-ல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத குடும்பங்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1993-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டப்படி சரியானது. ஜெர்மனியில் இன்றும் அனுமதி இல்லை.

வெளிநாட்டுக்குப் போவானேன், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி அப்புறம் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் பிள்ளை தரையில் உட்கார்ந்து, தனக்கான அட்டையை எடுத்து, தன் வேகத்தில் படி ஏறியது. ஆந்திராவில் இருக்கிற ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறை அது. எதைப் படிப்பது என்ற தேர்வு பிள்ளையிடம் இல்லைதான், ஆனாலும் வேகத்தையாவது பிள்ளையிடம் விட அரசுப் பள்ளியால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

"தோழர், இது குலக்கல்வியப் பின்வாசல் வழியாக் கொண்டாறது இல்லையா?"

இதைக் கேட்ட தோழருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத்தை விமர்சிக்கக் கூடாது. 1953-ல் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தார். பெரியார் எதிர்த்துப் போராடினார், 1954-ல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. நல்லவேளை. செருப்புத் தைப்பவர் பிள்ளை செருப்புத் தைக்கும் என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்த இடத்தில், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பெஞ்சு என்பது பெரிய விடுதலை. என் தாத்தா கைநாட்டு, அப்பா மதிய உணவுக்காகப் பள்ளிக்குப் போய்ப் படித்தவர், அதனால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குலக்கல்வியில் பிள்ளை என்ன கற்க வேண்டும் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. இன்றைய பள்ளியில் பாடத்திட்டக் குழுவும் கட்-ஆஃபும் முடிவு செய்கின்றன. நான் கேட்பது பிள்ளை முடிவு செய்ய வேண்டும் என்பதை. பாட்டியிடம் சுங்குடி கற்ற என் மகள் சௌராஷ்டிர வீட்டுப் பெண் இல்லை, அவளுக்கு அது குலத்தொழிலும் இல்லை. அவளாக விரும்பிப் போனாள், ஆசை தீர்ந்ததும் அவளாகவே வேறு பக்கம் திரும்பினாள். திரும்பிப் போக முடிந்த பிள்ளைக்குத்தான் சுதந்திரம் இருக்கிறது.

ஆகவே, தறியிலோ கடையிலோ வயலிலோ பிள்ளையின் கை தேவைப்படுகிற வீடு என்றால் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே வேலை கூடாது என்கிறது, ஆனால் பள்ளி நேரம் போக, லீவு நாளில், குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறது. பள்ளியே இல்லாத பிள்ளைக்கு அந்தச் சந்து பெரிய வாசலாகிவிடும்.

"இதெல்லாம் வசதியானவங்க விளையாட்டு. கஞ்சிக்கு இல்லாதவன் என்ன செய்வான்?"

பாதி உண்மை. எங்களுக்கு ஃபீஸ், வேன், டியூஷன் செலவு மிச்சம், ஆனால் பகலில் ஒரு பெரியவர் வீட்டில் இருக்க வேண்டும், நான் தையல் வேலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டதால் முடிந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் நம் சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. காலையில் சூடாக ஒரு வேளைச் சாப்பாடு, மதியம் முட்டையோடு சோறு, இவை இல்லாமல் வாடுகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் கேட்பதெல்லாம் அந்தச் சாப்பாடும் கட்டடமும் நூலகமும் இருக்கட்டும், உள்ளே இருக்கிற அதிகாரத்தைக் கொஞ்சம் பிள்ளையிடம் கொடுங்கள் என்பதுதான். ஏழைப் பிள்ளை கேள்வி கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"பொம்பளப் பிள்ளைய வீட்லயே வச்சுக்க இது ஒரு சாக்காப் போயிராதா?"

போகும். உசிலம்பட்டிப் பக்கம் ஒருவர் என் கதையைக் கேட்டுவிட்டு, 'நல்லதாப் போச்சு, எங்க பிள்ளையவும் நிறுத்திருவோம்' என்றார், அது எட்டாவது படிக்கிற நன்றாகப் படிக்கிற பெண். அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா என்றேன், கேட்கவில்லை. அங்கேயே முடிந்தது பேச்சு. வயதுக்கு வந்ததும் நிறுத்துவது, வீட்டு வேலைக்கு நிறுத்துவது, கல்யாணத்துக்கு நிறுத்துவது, இது எதுவும் தன்வழிக் கற்றல் இல்லை. பிள்ளை தானே கேட்டு, தனியாக வெளியே போய் வரவும், தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்ளவும் முடிகிற வீட்டில் மட்டும்தான் இது பொருந்தும். சந்தேகம் இருந்தால் 1098-க்குப் போன் செய்யலாம், அது குழந்தைகளுக்கான உதவி எண்.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், நிறுத்த முடியாது. ஆனா நீங்க சொல்றதும் புரியுது. என்ன செய்ய?"

பெரும்பாலானவர்கள் நிலைமை இதுதான், பள்ளியை விடாமலே நிறையச் செய்யலாம். டியூஷனை நிறுத்துங்கள், அந்த இரண்டு மணி நேரத்தைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். ரேங்க் கார்டில் கையெழுத்து மட்டும் போடுங்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையை எதுவும் திட்டமிடாமல் விடுங்கள். பள்ளியில் அடித்தால் 17-வது பிரிவை எழுத்தில் சுட்டிக்காட்டித் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள், வாய்ப் பேச்சாக விட்டுவிடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்குத்தான் பெரும்பான்மை இடம், சட்டத்திலேயே இருக்கிறது, கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள்.

"நாளைக்கு உங்க பிள்ளையே பள்ளிக்கூடம் போறேன்னு நின்னா?"

நின்றான், எங்கள் பையன். பள்ளி டீமில் ஆட வேண்டும் என்று கேட்டான், அவன் சிநேகிதர்கள் எல்லாரும் அங்கேதான். மேலே சொன்ன ஆறாம் வகுப்புக் கணக்கையும் பேசினோம், அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டோம். முதல் சில மாதம் மணி அடித்து அடித்துப் பாடம் மாறுவது அவனுக்குப் பிடிக்கவில்லை, பிறகு பழகிக்கொண்டான், கேள்வி கேட்பதை மட்டும் விடவில்லை, அவன் வகுப்பாசிரியர் அதற்கு இடம் கொடுக்கிறார். அவனே தேர்ந்தெடுத்த பள்ளி என்பதால் காலையில் எழுப்ப வேண்டியதில்லை. மகள் இன்னும் வெளியேதான் இருக்கிறாள், பத்தாம் வகுப்பை இரண்டிரண்டு பாடமாக எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சேர்ப்பதில் சிக்கல் வராது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்பது 14-வது பிரிவு. ஆனாலும் அலைச்சலைக் குறைக்கப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், முன்பு படித்திருந்தால் டி.சி., பள்ளிக் கல்வித் துறை பிள்ளைக்குக் கொடுத்த எமிஸ் எண் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். பள்ளியை விட்டு நிறுத்தும்போதே டி.சி.யை வாங்கிவிடுங்கள், வருடம் கழித்துப் போய்க் கேட்டால் பழைய ரெஜிஸ்டரைத் தேட அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் இரண்டு மூன்று நடை.